இமாபாரி டவல் மஃப்ளரில் பஞ்சு உதிர்கிறதே, ஏமாந்துவிட்டேனா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கி எழுதிவிட்டு ஆரம்பிக்கிறேன். ஒசாகாவில் வேலை பார்க்கும் உங்கள் தம்பி ஊருக்கு வரும்போது ஒரு பருத்தி டவல் மஃப்ளர் வாங்கி வந்திருக்கிறார். ஜப்பானில் டவல் நெசவுக்குப் பேர்போன இமாபாரி என்ற ஊரில் நெய்தது, விலை 3,300 யென். பார்த்தால் நம் ஈரிழைத் துண்டை நீளவாக்கில் பாதியாக வெட்டின மாதிரி இருக்கிறது. முதல் தடவை நனைத்தபோதே வாளித் தண்ணீரில் பஞ்சு மிதந்தது. அட்டையில் 'பாரம்பரிய நெசவு' என்று போட்டிருப்பது உண்மையா, இல்லை ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது: பருத்தி குறைவாகப் போட்ட துணிக்கு ஏன் காசு கூட? பஞ்சு உதிர்வதற்கும் விலைக்கும் காரணம் அதற்குள்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

கரூரில் டெர்ரி (வளையம் எழும்பும் டவல்) தறிகளோடு 27 வருடம் இருந்தவன் நான். முதல் பாதி நெசவு, அப்புறம் ஏற்றுமதித் துணிக்குத் தரம் பார்க்கிற வேலை. இமாபாரிக்கு வேலை நிமித்தம் இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். உங்கள் மஃப்ளரை நான் கையில் தொட்டுப் பார்க்கவில்லை; நீங்கள் போட்ட மூன்று படங்களும் சொன்ன அளவுகளும்தான் என்னிடம் உள்ளவை. துணியைப் பொறுத்தவரை படம் பாதி உண்மையைத்தான் சொல்லும். எது உறுதி, எது என் ஊகம் என்று அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. நீங்கள் அளந்தது 35 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளம், சமையலறைத் தராசில் 63 கிராம். பரப்பு 0.525 சதுர மீட்டர் வருகிறது. ஒரு சதுர மீட்டருக்கு 120 கிராம். இன்று காலை என் வீட்டு ஈரிழைத் துண்டை நிறுத்துப் பார்த்தேன்: 75-க்கு 150, எடை 190 கிராம், அதாவது சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 170. நல்ல குளியல் டவல் என்றால் 400-லிருந்து 600 வரை போகும். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கையால் அழுத்திப் பாருங்கள். எடை கூடுதலான நம் துண்டு தட்டையாக இருக்கும். எடை குறைந்த மஃப்ளர் புசுபுசுவென்று எழும்பி நிற்கும். அந்த எழுப்பத்துக்குள் பெரும்பகுதி காற்று. அந்தக் காற்றை அங்கே நிறுத்தி வைப்பதற்குத்தான் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

அது எப்படி நிற்கிறது என்பது தறியில் தெரியும். ஈரிழைத் துண்டில் பாவு (நீளவாக்கு நூல்) ஒன்று, ஊடை (குறுக்கு நூல்) ஒன்று; இரண்டிரண்டு இழையாகச் சேர்ந்து நேராகப் பின்னிப்போகும். தேங்காய்ப்பூத் துண்டு என்று நாம் சொல்கிற டெர்ரி வகைக்குப் பாவு இரண்டு வேண்டும். ஒன்று அடித்துணிக்கு, அது விறைப்பாக இழுபட்டிருக்கும். மற்றொன்று வளையத்துக்கு, அது தளர்வாக வரும். முதல் இரண்டு ஊடையை அச்சு, அதாவது ஊடையை அடித்து நெருக்கும் தறியின் சீப்பு, முழுக்க அடிக்காது, துணியின் விளிம்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடும். மூன்றாவது ஊடை விழுந்ததும் மூன்றையும் சேர்த்து ஒரே அடியாக உள்ளே தள்ளும். விறைப்பான பாவின் மேல் ஊடைகள் வழுக்கிக்கொண்டு போகும். தளர்ந்த பாவு அவற்றோடு இழுபட்டு, போக இடமில்லாமல் வளைந்து எழும்பும். அதுதான் வளையம். குளியல் டவலுக்கு 16 அல்லது 20-ஆம் நம்பர் நூலில் இதைச் செய்தால் தறி நாள் முழுக்கச் சலிக்காமல் ஓடும். மஃப்ளருக்கு 40, 60 என்று நூல் மெலிந்துவிடும். நம்பர் என்பது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஒரு பவுண்டு எடை நூலில் 840 கெஜச் சிட்டம் எத்தனை வருகிறது என்ற கணக்கு. நம்பர் ஏற ஏற நூல் மெல்லியது. மெல்லிய நூலைத் தளர்வாக விட்டு ஓட்டினால் ஒன்றோடொன்று சிக்கும், அறுந்தால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.

அடுத்தது முறுக்கு. பஞ்சு நூலாவதே முறுக்கினால்தான். முறுக்கு ஏற ஏற நூலுக்கு வலு கூடும், கூடவே அது இறுகி விறைக்கும், உள்ளே காற்றுக்கு இடமிருக்காது. முறுக்கைக் குறைத்தால் மென்மை வரும், ஆனால் தறி தாங்காது. இந்த முட்டுக்கட்டையைத் தாண்ட ஜப்பானியத் தொழிலில் ஓர் அருமையான வழி வைத்திருக்கிறார்கள். பருத்தி நூலோடு நீரில் கரையும் ஒரு செயற்கை இழையைச் சேர்த்து, பருத்தியின் முறுக்குக்கு எதிர்த்திசையில் முறுக்குவார்கள். அப்படி முறுக்கும்போது பருத்தியின் சொந்த முறுக்கு பிரிந்துபோகும். அதைத் தாங்கிப் பிடிப்பது அந்தச் செயற்கை இழை மட்டும்தான். அந்தக் கூட்டு நூலில் துணியை நெய்து முடித்துவிட்டு வெந்நீரில் போட்டால் செயற்கை இழை கரைந்து போய்விடும். முறுக்கே இல்லாத பஞ்சு, வளைய வடிவில், அடித்துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த இழை பாலிவினைல் ஆல்கஹால் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் முதல் பெரிய இழையான வைனிலான் பிறந்ததும் ஜப்பானில்தான். 1939-ல் கியோட்டோவில் சகுராதா இச்சிரோவும் கொரியரான ரி சுங்-கியும் தங்கள் குழுவோடு உருவாக்கியது. இன்று குராரே என்று பெயர் மாறியிருக்கும் நிறுவனம் 1950-ல் தொழில்முறையில் தயாரிக்கத் தொடங்கியது. முதல் முறை ஒரு ஆலையில் அந்த வெந்நீர்த் தொட்டியின் பக்கத்தில் நின்று பார்த்தபோது, உள்ளே போகும் துணி காக்கித் துணிபோல் முரடாக இருந்தது. வெளியே வந்ததைத் தொட்டபோது கையில் எடையே தெரியவில்லை. இத்தனை வருடத்தில் தறித் தொழிலில் என்னை அப்படி நிறுத்தி வைத்த காட்சிகள் அதிகம் இல்லை.

உங்கள் பஞ்சுக்கு வருகிறேன். முறுக்கில்லாத நூலில் நீளம் குறைந்த இழைகளை எதுவும் பிடித்து வைத்திருக்காது. முதல் சில துவைப்பில் அவை வெளியேறத்தான் செய்யும். உங்கள் படத்தில் வளையங்கள் தனித்தனியாக நிற்காமல் மேகம் மாதிரி ஒன்றோடொன்று கலந்து தெரிகின்றன. அதையும் பஞ்சு உதிர்வதையும் சேர்த்துப் பார்த்தால் இது முறுக்கில்லா நூல் அல்லது முறுக்கு மிகக் குறைந்த நூல் என்பது என் ஊகம். இரண்டில் எது என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஓரத்தில் ஏதாவது ஒரு வளையத்து நூல் துருத்திக்கொண்டிருந்தால் இரண்டு அங்குலம் வெட்டி எடுத்து, இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிப் பிரிந்து போனால் முறுக்கில்லாதது. கொஞ்சம் தாங்கிவிட்டுப் 'பட்' என்று அறுந்தால் முறுக்கு இருக்கிறது. அட்டையில் ஜப்பானிய மொழி தெரிந்தவர் யாராவது 'முனென்ஷி' என்று வாசித்தால் முறுக்கில்லா நூல், 'அமயோரி' என்று வாசித்தால் தளர்முறுக்கு. எதுவாக இருந்தாலும் முதல் நனைப்பில் பஞ்சு மிதந்ததை வைத்து மட்டமான துணி என்று முடிவு கட்டாதீர்கள். ஐந்தாறு துவைப்புக்குப் பிறகும் அதே அளவு உதிர்ந்தால் அது வேறு விஷயம். அப்போது பஞ்சின் இழை நீளமே குறைவு என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

இதில் ஒரு குறையும் இருக்கிறது, அதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. அடித்துணியில் முறுக்குள்ள நூல் இருப்பதால் மஃப்ளர் கிழியாது. ஆனால் வளையங்கள் பலவீனமானவை. ஐந்து வருடம் தினமும் போட்டுத் துவைக்க வேண்டும் என்றால் உங்கள் ஈரிழைத் துண்டு ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. கழுத்தில் கனம் தெரியாமல், குத்தாமல், வியர்வையை உடனே வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்றால் மஃப்ளர். இரண்டும் வேறு வேறு வேலைக்கு நெய்தவை.

பாரம்பரியம் என்ற சொல்லைப் பற்றி. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜப்பானுக்கு டவல் வந்ததே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1872 வாக்கில் இறக்குமதியான டவலை அங்கே யாரும் குளித்துத் துடைக்க வாங்கவில்லை. விலை அதிகம், கம்பளிபோல மென்மை. அதனால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் துணியாகத்தான் அதைப் பயன்படுத்தினார்கள் என்று அவர்களுடைய தொழில் வரலாறு சொல்கிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் மஃப்ளர் ஒரு புதுமோஸ்தர் அல்ல, டவல் அந்த நாட்டில் முதலில் செய்த வேலைக்கே திரும்பியிருக்கிறது. உள்நாட்டில் முதலில் நெய்து வெற்றி கண்டது இமாபாரியும் இல்லை. ஒசாகாவுக்குத் தெற்கே சென்ஷூ என்ற பகுதியில், இன்றைய இசுமிசானோ நகரத்தில், சாதோய் என்ஜிரோ என்பவர் 1887-ல் அதைச் செய்தார். ஒரு வணிகர் காட்டிய ஜெர்மன் டவலைப் பார்த்து அதே மாதிரி நெய்ய முயன்று வந்த வெற்றி அது. ஷிகோகு தீவில், எஹிமே மாகாணத்தில் இருக்கும் இமாபாரியில் அபே ஹெய்சுகே டவல் தறியை ஓட்டத் தொடங்கியது 1894-ல். அதற்கு முன் அந்த ஊரில் ஃபிளானல் நெய்தார்கள், அதற்கும் முன்னால் வெள்ளைப் பருத்தித் துணி. ஆக, பருத்தி நெசவு அங்கே பல தலைமுறை பழையது, டவல் 130 வருடம் பழையது. மெல்லிய டவல் மஃப்ளர் என்ற சரக்கு மட்டும் அண்மைக்காலத்தது. 'பாரம்பரிய நெசவாளர்கள் செய்தது' என்று அட்டை சொன்னால் சரி. 'பாரம்பரிய மஃப்ளர்' என்று சொன்னால் அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த ஊர் இந்த மாதிரி சரக்குக்கு ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கரூர், ஈரோடு, திருப்பூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு அந்தக் கதை நெஞ்சில் தைக்கும். 1991-ல் இமாபாரி வருடத்துக்குச் சுமார் 50,000 டன் டவல் நெய்தது. சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் மலிவு டவல் வந்து குவிந்தது. 2001-ல் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போடச் சொல்லி அரசிடம் கேட்டார்கள். விசாரணை இழுத்துக்கொண்டே போய், கட்டுப்பாடு வராமலே முடிந்தது. 2009-ல் உற்பத்தி 10,000 டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. தெருத்தெருவாகத் தறிச் சத்தம் நின்றுபோவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 2006-ல் அரசு உதவியோடு ஊரே சேர்ந்து ஒரு முத்திரை உருவாக்கலாம் என்று முடிவெடுத்து, சாதோ காஷிவா என்ற வடிவமைப்பாளரை அழைத்தார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் கொண்ட அந்தச் சதுரமான அடையாளம் 2007-ல் வெளிவந்தது. எடைக்கு விற்கிற பந்தயத்தில் மலிவு நாடுகளை ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகு, நெசவுத் திறமை கூடுதலாகவும் பருத்தி குறைவாகவும் தேவைப்படுகிற சரக்கு அவர்களுக்கு முக்கியமாகிவிட்டது. மெல்லிய மஃப்ளர் அந்த வகையைச் சேர்ந்தது.

அந்த முத்திரைக்கு ஒரு பெயர்பெற்ற சோதனை இருக்கிறது. டவலிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டித் தண்ணீர்மேல் வைப்பார்கள். ஐந்து நொடிக்குள் மூழ்கத் தொடங்க வேண்டும். சாயம் நிற்பது, வளையம் பிடிமானமாக இருப்பது போன்ற சோதனைகளும் உண்டு. முத்திரைச் சீட்டில் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும் எண் இருக்கும். உங்கள் படத்தில் 'இமாபாரி' என்ற பெயர் தெரிகிறது, ஆனால் அந்தச் சீட்டு மடிந்து கிடப்பதால் எண் தெரியவில்லை. பெயர் மட்டும் அச்சிட்டிருப்பதும் முத்திரைச் சீட்டு தைத்திருப்பதும் ஒன்றல்ல. மடிப்பைப் பிரித்துப் பாருங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். சோஜா ஆற்று நீர்தான் அந்த டவலின் மென்மைக்குக் காரணம் என்று எல்லா விளம்பரமும் சொல்லும். இதில் உறுதியான பகுதி ஒன்று உண்டு. நூலை வெளுக்கும்போது கடினநீர் இருந்தால் சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து இழையில் படியும். இரும்புச் சத்து இருந்தால் வெளுக்கப் போடும் பெராக்சைடு தாறுமாறாகச் சிதைந்து பருத்தியையே அரிக்கும். மென்னீர் இருந்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. சாயப்பட்டறை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனால் அந்த ஆற்று நீருக்கு மட்டும் தனி மகிமை இருக்கிறது என்பதை நான் ஏற்க மாட்டேன். நீரை நன்றாக மென்மையாக்கிப் பயன்படுத்தும் ஆலை எந்த ஊரில் இருந்தாலும் இதைச் சாதிக்கும். இயற்கையே அதை இலவசமாகக் கொடுத்ததால் அந்த ஊரில் தொழில் வேர்பிடித்தது, அவ்வளவுதான் நான் சொல்லத் துணிவேன்.

இமாபாரிக்காரர்கள் நூலை முதலில் வெளுத்துச் சாயமேற்றிவிட்டு அப்புறம் நெய்வார்கள். சென்ஷூவில் முதலில் நெய்துவிட்டுப் பிறகு துணியாக வெளுப்பார்கள். நெசவுக்குப் போட்ட கஞ்சியும் எண்ணெயும் கடைசியில் சுத்தமாகப் போய்விடுவதால் அந்த டவல் புதிதாகவே தண்ணீரை உறிஞ்சும். உங்கள் மஃப்ளரின் நீலக்கோடு நூலிலேயே சாயமேற்றி நெய்தது என்று படத்திலேயே தெரிகிறது, இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். அந்தக் கோட்டைப் பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. எடோ காலத்து (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) ஜப்பானில் ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவந்த கோடுபோட்ட மெல்லிய பருத்தித் துணிக்குப் பெரிய மோகம் இருந்தது. அதை 'சாந்தோமே' கோடு என்று அழைத்தார்கள். சோழமண்டலக் கரையின் சாந்தோம், அதாவது நம் மயிலாப்பூர் சாந்தோம்தான் அந்தப் பெயர். பிறகு அங்கேயே அதைப்போல நெய்யக் கற்றுக்கொண்டார்கள். உங்கள் மஃப்ளர் நேரடியாக அதன் வாரிசு என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் நூலில் சாயமேற்றிய நீலக்கோட்டுப் பருத்தி மீது அவர்களுக்கு இருக்கும் பிரியத்தில் நம் கரைக்கும் ஒரு பங்கு உண்டு.

பருத்தியே அங்கே வெளியிலிருந்து போனதுதான். 799-ல் மிகாவா கடற்கரையில், இன்றைய ஐச்சி மாகாணத்தில், ஒரு சிறு படகில் ஒதுங்கிய அந்நியர் பருத்தி விதை வைத்திருந்தார் என்று அவர்களுடைய அரச வரலாற்று நூல் பதிந்திருக்கிறது. மொழி பழகிய பிறகு தான் தென்ஜிகுவைச் சேர்ந்தவன் என்று அவர் சொன்னாராம். தென்ஜிகு என்றால் இந்தியா. அடுத்த வருடம் அந்த விதையைப் பல மாகாணங்களில் விதைத்தார்கள், அவற்றில் ஒன்று இயோ, அதுதான் இன்றைய எஹிமே. அந்த விளைச்சல் நிலைக்கவில்லை. பருத்தி அங்கே நிலையாக ஊன்றியது பல நூற்றாண்டு கழித்துத்தான். இன்றும் ஜப்பானில் பருத்தி விவசாயம் பெயரளவுக்குத்தான், ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சு வெளிநாட்டிலிருந்து வருகிறது. அட்டையில் 'ஜப்பானில் நெய்தது' என்றால் நெசவைத்தான் குறிக்கும். சில உயர்ரக ஜப்பானிய டவல்களின் அட்டையில் 'சுவின்' என்ற பெயரைப் பார்த்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். கோயம்புத்தூரில் உருவாக்கி 1974-ல் வெளியிட்ட நம் பருத்தி ரகம் அது. சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு ரகங்களின் கலப்பு, பெயரும் அப்படி வந்ததுதான். இழை நீளம் அசாதாரணமாக இருப்பதால் மெல்லிய நூலுக்கும் முறுக்கு குறைந்த நூலுக்கும் அது தங்கம். நீள இழை என்றால் பஞ்சு உதிர்வதும் குறையும்.

இப்போது விலை. 3,300 யென் என்றால் நம் பணத்தில் ஏறத்தாழ 1,900 ரூபாய். 63 கிராமில் பருத்தியின் பங்கு மிகச் சொற்பம். மெல்லிய நூல், அதனோடு கரையும் இழை, சேர்த்து முறுக்கும் கூலி, மெதுவாக ஓடும் தறி, வெந்நீரில் கரைக்கும் வேலை, கரைந்ததைச் சுத்திகரிக்கும் செலவு, ஒவ்வொரு நிறத்துக்கும் புதிதாகப் பாவு கட்டுவது, முறுக்குபவர், சாயக்காரர், நெய்பவர், முடிப்பவர் என்று வேலை பல நிறுவனங்களுக்குப் பிரிந்து கிடப்பது, கடைசியில் கடை வாடகை. இவற்றின் மேல் ஜப்பானியக் கூலி. எவ்வளவு பங்கு எதற்கு என்று பிரித்துச் சொல்ல எனக்கு அந்த ஆலையின் கணக்குப் புத்தகம் வேண்டும். ஆனால் அந்த வேலையைத் தெரிந்தவன் என்ற முறையில், அநியாய விலை என்று நான் சொல்ல மாட்டேன். இதே துணியைக் கரூரில் நெய்ய முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். நாங்கள் மாதிரிக்கு நெய்தும் பார்த்திருக்கிறோம். ஆயிரக்கணக்கில் ஒரே நிறம் கேட்கும் வியாபாரிக்கு ஓட்டிப் பழகிய தறிக் கூடத்தில் இருநூறு, முந்நூறு என்று வகை மாற்றி ஓட்டினால் கட்டுப்படியாவதில்லை. தடை அதுதான்.

இணையத்தில் இன்னொன்று வாங்க நினைத்தால் பெயரில் கவனமாக இருங்கள். 'டவல் மஃப்ளர்' என்று தேடினால் உங்களிடம் இருப்பது போன்ற கழுத்துத் துணி வரலாம். 'மஃப்ளர் டவல்' என்று திருப்பிப் போட்டால் கால்பந்து மைதானத்திலும் கச்சேரியிலும் ரசிகர்கள் தோளில் போட்டுக்கொள்ளும் அச்சிட்ட ஒடுங்கிய டவல் வரும். சில கடைகள் இரண்டையும் கலந்தும் எழுதுவார்கள், அதனால் எடையைப் பார்த்து வாங்குங்கள்.

உண்மையிலேயே பழமையான கழுத்துத் துணிதான் வேண்டும் என்றால் தம்பியிடம் 'தெனுகுய்' வாங்கி வரச் சொல்லுங்கள். வளையம் கிடையாது, சாதா நெசவுப் பருத்தி, ஏறத்தாழ 35-க்கு 90 செ.மீ. கை துடைக்க, தலையில் கட்ட, கழுத்தில் போட, பொருளைப் பொட்டலம் கட்ட என்று நம் துண்டு செய்கிற எல்லா வேலையும் செய்யும். இரண்டு முனையும் மடித்துத் தைக்காமல் வெட்டியபடியே விட்டிருப்பார்கள். மடிப்பில் ஈரமும் அழுக்கும் தங்காது, சீக்கிரம் காயும். முதல் சில துவைப்பில் ஓர நூல் பிரியும், நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டால் பிறகு தானே நின்றுவிடும். நல்ல தெனுகுய்க்கு 'சூசென்' என்ற முறையில் சாயமேற்றுவார்கள். துணியை அடுக்கடுக்காக மடித்து, சாயம் போகக்கூடாத இடத்தில் பசை தடவி, மேலிருந்து சாயத்தை ஊற்றிக் கீழிருந்து உறிஞ்சுவார்கள். சாயம் துணியை ஊடுருவிப் போவதால் முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதமே இல்லை. ஒசாகாவில் வளர்ந்த தொழில் இது. அங்கத்திய 'நானிவா ஹொன்சோமே' 2019-ல் அரசின் மரபுக் கைவினைப் பட்டியலில் சேர்ந்தது. தம்பி ஒசாகாவிலேயே இருப்பதால் அவருக்குத் தேடுவது சுலபம். என்னைக் கேட்டால் நம் ஊர் வெயிலுக்கு மஃப்ளரைவிட இதுதான் பொருத்தம்.

பராமரிப்பு. முதல் மூன்று துவைப்பைத் தனியாகச் செய்யுங்கள், வலைப்பையில் போட்டு. கறுப்புத் துணியோடு சேர்த்துப் போட்டால் பஞ்சு முழுக்க அதில் ஒட்டும். துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள்; இழைமேல் படலமாகப் படிந்து தண்ணீரை உறிஞ்சவிடாது, முறுக்கில்லா நூலில் இழைகள் வழுக்கி இன்னும் உதிரும். பிழியும்போது முறுக்காமல் அழுத்தி எடுங்கள். காயப்போடும் முன் இரு முனையையும் பிடித்துப் பத்து இருபது தடவை நன்றாக உதறுங்கள், படுத்த வளையம் எழும்பும். காய்ந்தபின் ஒரு தடவை கையால் கசக்கி விடுங்கள். கொடியில் காய்ந்த பருத்தி விறைப்பதற்குக் காரணம், இழைகளுக்கிடையில் மிஞ்சும் நுண்ணளவு நீர் பசைபோல் அவற்றை இணைப்பது என்று 2020-ல் காவோ என்ற ஜப்பானிய சோப்பு நிறுவனமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு காட்டியது. உதறுவதும் கசக்குவதும் அந்த இணைப்பை உடைக்கத்தான். வளையத்தின் மேல் இஸ்திரி போட வேண்டாம். வளையம் எங்காவது மாட்டி நீண்டுவிட்டால் இழுக்காமல் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பின்னலில்லை, நெசவு என்பதால் ஓடிப் பிரியாது.

நீங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் துவைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் இந்தத் துணிக்கு உண்மையான எதிரி. சோப்புக்கட்டிக்குப் பதிலாகத் திரவ டிடர்ஜென்ட் கொஞ்சமாகப் போடுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் பிடித்து வைத்த மழைநீரோ ஆற்றுக் குழாய் நீரோ கிடைத்தால் போதும், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

ஐந்தாவது துவைப்பு முடிந்ததும் மறுபடி நிறுத்துப் பார்த்து எடையை இங்கேயே எழுதுங்கள். ஒரு விஷயம் மட்டும் மனதில் வையுங்கள்: பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொள்ளும். மழைநாளில் நிறுத்தால் அதே மஃப்ளர் இரண்டு மூன்று கிராம் கூடக் காட்டலாம், அந்தக் கூடுதல் பஞ்சு உதிர்ந்ததை மறைத்துவிடும். அதனால் இன்றைக்கு நன்றாகக் காய்ந்த நிலையில் ஒரு முறை, அப்புறம் அதே மாதிரி வெயில் நாளில் ஒரு முறை.